லென்ஸோடு தூங்கலாமா? சிலிண்டர் உள்ள கண்ணுக்கு வன்னியில் கணக்கு வேறு

ஆறு இரவு கழற்றாமல் போட்டிருக்கக்கூடிய கொன்டாக்ட் லென்ஸைத் தேடுகிறவர்கள் எல்லாரும் அழகுக்காகத் தேடுவதில்லை. யானைக் காவலுக்குப் பரணில் படுப்பவருக்கு, சத்தம் கேட்டு எழும்பிய அந்த நொடியே வயல் வரம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். முல்லைத்தீவில் இரவுத் தொழிலுக்குக் கடலில் இறங்குபவரின் கண்ணாடி உப்புத்தண்ணீர் பட்டு மங்கிவிடும். வைத்தியசாலையில் இரவுக் கடமை செய்பவர், விடியமுன் வவுனியாவில் பஸ் ஏறி ஒட்டுசுட்டானுக்குப் படிப்பிக்கப் போகும் ஆசிரியர் என்று தேவை உள்ளவர்கள் பலர். ஆனால் கேட்பவரின் கண்ணில் அஸ்டிக்மாட்டிசம், பேச்சு வழக்கில் ‘சிலிண்டர்’, இருந்தால் அவருக்குக் கிடைப்பது மற்றவர்கள் போடும் லென்ஸ் அல்ல. பெட்டியில் அதே பெயரும் அதே ‘6 இரவு’ அனுமதியும் இருக்கும். லென்ஸின் தடிப்பு மட்டும் வேறு. அந்தத் தடிப்பில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த விழிவெண்படலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருந்தால் சிலிண்டர் வராது. கரண்டியின் முதுகைப்போல ஒரு திசையில் கூடவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறையவும் வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியாது. இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கிலிருந்து ஒரு பக்கமாகக் கோடு இழுபடுவதும், பஸ் பலகையில் 3, 8 ஒன்றுபோலத் தெரிவதும் இதனால்தான்.

கண் பரிசோதனைத் துண்டில் இதற்கு மூன்று எண்கள் இருக்கும். −2.50 / −1.25 × 180 என்றால் முதல் எண் குறும்பார்வையின் அளவு, இரண்டாவது சிலிண்டர், மூன்றாவது அந்தச் சிலிண்டர் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்ற பாகை. சில வைத்தியர்கள் சிலிண்டரைக் கூட்டல் குறியில் எழுதுவார்கள். லென்ஸ் பெட்டிகளில் எப்போதும் கழித்தல்தான். −4.00 / +1.50 × 90 என்று எழுதித் தந்தால், இரண்டு எண்ணையும் கூட்டி, சிலிண்டரின் குறியை மாற்றி, பாகையை 90 ஆல் திருப்ப வேண்டும்: −2.50 / −1.50 × 180. இதைச் செய்யாமல் அப்படியே ஓடர் கொடுத்துவிட்டு ‘லென்ஸ் ஒத்துவரவில்லை’ என்று சொல்வது வீண் செலவு.

கண்ணாடிக்கு எழுதிய எண்ணை லென்ஸுக்கு அப்படியே பாவிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது. பவர் 4.00 ஐத் தாண்டினால் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு திசைக்கும் தனித்தனியாக. −6.00 / −2.00 என்ற கண்ணாடியில் ஒரு திசை −6.00, மற்றது −8.00. கண்ணின் மேற்பரப்பில் இவை −5.60, −7.30 ஆகின்றன. அதாவது சிலிண்டர் 2.00 இலிருந்து 1.70 ஆகக் குறைந்துவிடுகிறது. வாங்க வேண்டியது −5.50 / −1.75.

சிலிண்டர் 0.50 அளவில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சாதாரண லென்ஸே போதும். 0.75 தொடக்கம், சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் டொரிக் லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். மொத்தப் பவர் சிறியதாக இருந்தால் கட்டாயம் யோசிக்க வேண்டும்: −5.00 உடன் சேர்ந்த 0.75 ஐச் சிலர் பொறுத்துக்கொள்வார்கள், −0.50 உடன் சேர்ந்த 0.75 ஐப் பொறுக்கமாட்டார்கள். மாதாந்த டொரிக் லென்ஸுகள் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற நான்கு சிலிண்டர் அளவுகளில், 10 பாகை இடைவெளியில் வருகின்றன. அதற்கு மேற்பட்ட சிலிண்டருக்கும் இடைப்பட்ட பாகைக்கும் தனியாகச் செய்விக்க வேண்டும். காத்திருப்பும் காசும் கூடும்.

சுழலாமல் நிற்பது எப்படி

சாதாரண லென்ஸ் கண்ணில் எப்படிச் சுழன்றாலும் பார்வை மாறாது. டொரிக் சுழன்றால் சிலிண்டர் தவறான திசைக்குப் போய்விடும். எவ்வளவு கெடும் என்பது எளிய கணக்கு. 1.75 சிலிண்டர் உள்ள லென்ஸ் 10 பாகை திரும்பினால் சுமார் 0.60 சிலிண்டர் திருத்தப்படாமல் மிஞ்சும். 20 பாகை திரும்பினால் 1.20. 30 பாகை திரும்பினால் 1.75 முழுவதும் மிஞ்சும். அதாவது டொரிக் போட்டதில் ஒரு பயனும் இல்லை, பழைய மங்கல் வேறு சாய்வில் இருக்கும்.

இதைத் தடுக்க உற்பத்தியாளர்கள் லென்ஸை எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் செய்வதில்லை. சிலர் கீழ்ப்பகுதியைத் தடிப்பாக்குகிறார்கள். சிலர் மேலையும் கீழையும் மெல்லியதாக்கி, இரு பக்கங்களிலும் தடித்த பகுதிகளை விடுகிறார்கள். தடித்த பக்கம் பாரத்தால் கீழே இறங்கி நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாரத்தின் பங்கு சிறியது. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் மேல் இமை தடித்த பகுதியை அழுத்தி, தனக்கு வெளியே தள்ளிவிடுகிறது. டொரிக்கைச் சரியான திசையில் வைத்திருப்பது இமைதான். தூங்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. காலையில் எழும்பியதும் சிலிண்டர்காரருக்குப் பார்வை கோணலாக இருப்பதற்கும், இமைத்து இமைத்துச் சற்று நேரத்தில் சரிவருவதற்கும் இதுவும் ஒரு காரணம். பரணில் திடுக்கிட்டு எழும்புபவருக்குத் தேவைப்படுவது அந்த முதல் நிமிடம். லென்ஸ் கைவிடுவதும் அதே நிமிடத்தில்தான்.

லென்ஸ் சரியாக நிற்கிறதா என்று பார்க்க, போட்டபின் 10 முதல் 15 நிமிடம் விட்டு ஸ்லிட் லாம்ப் என்ற கருவியால் அதன் அடையாளக் கோட்டைப் பார்ப்பார்கள். கோடு கீழே 6 மணி நிலையில் ஒன்றாகவோ, 3, 9 மணி நிலைகளில் இரண்டாகவோ இருக்கும். 6 மணிக் கோடு பரிசோதிப்பவரின் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தப் பாகையை மருந்துச் சீட்டின் பாகையோடு கூட்டி, வலப்பக்கம் நகர்ந்திருந்தால் கழித்து, அடுத்த லென்ஸை எடுப்பார்கள். 180 க்கு எழுதியவருக்கு 10 பாகை இடப்பக்கம் நகர்ந்தால் 190 வரும். அளவு 180 இல் முடிவதால் அது 10 ஆகும். ஒவ்வொரு தடவையும் அதே 10 பாகை நகர்ந்தால் இப்படிச் சரிசெய்துவிடலாம். ஒருமுறை 5, ஒருமுறை 25 என்று அலைந்தால் கணக்கு உதவாது, வேறு வடிவ லென்ஸுக்குத்தான் மாற வேண்டும். ஸ்லிட் லாம்ப் இல்லாத கடையில் டொரிக் வாங்குவது குருட்டு வேலை. ஓர் எண்ணைச் சொல்லி ஒன்லைனில் எடுப்பதும் அப்படியே.

வீட்டிலிருந்தபடியே ஓரளவு கணிக்கலாம். ஒரு கண்ணை மூடி, தூரத்திலுள்ள பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். இமைத்ததும் தெளிந்து சில வினாடியில் மங்கினால் வறட்சி. இமைத்ததும் கலங்கி, பிறகு மெல்லத் தெளிந்தால் லென்ஸ் சுழல்கிறது. எப்போதும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பவரோ பாகையோ பிழை.

தடித்த இடத்தில் ஒட்சிசன்

விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது காற்றிலிருந்தும், தூங்கும்போது இமையின் உட்புறக் குழாய்களிலிருந்தும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. மூடிய கண்ணுக்குக் கிடைப்பது பகலில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். லென்ஸே போடாத கண்ணிலும் இரவில் படலம் 3 முதல் 4 வீதம் வீங்குகிறது; எழும்பியபின் வற்றிவிடுகிறது.

லென்ஸ் எவ்வளவு ஒட்சிசனை விடுகிறது என்பதை, அதன் பொருள் ஒட்சிசனை விடும் தன்மையைக் காட்டும் டி.கே. என்ற எண்ணைத் தடிப்பால் பிரித்துச் சொல்வார்கள். 1984 இல் பிரையன் ஹோல்டனும் ஜோர்ஜ் மேர்ட்ஸும் பகல் பாவனைக்கு 24, இரவுக்கு 87 தேவை என்று கணித்தார்கள். 1999 இல் ஹார்விட், பொனானோ இருவரும் அந்த எல்லைகளை 35, 125 என்று உயர்த்தினார்கள். இனி ஒரு டொரிக்கை எடுத்துப் பார்ப்போம். அதன் பொருளுக்கு டி.கே. 110, நடுவில் தடிப்பு 0.08 மில்லிமீற்றர் என்றால் எண் 138. இரவு எல்லையைத் தாண்டிவிடுகிறது, விளம்பரத்திலும் இதுதான் வரும். அதே லென்ஸின் தடித்த பகுதி 0.20 மில்லிமீற்றர் என்றால் எண் 55. பகலுக்குத் தாராளம், இரவுக்கு எந்தக் கணக்கிலும் போதாது. பெட்டியிலும் இணையத்திலும் உள்ள எண் பெரும்பாலும் −3.00 பவர் லென்ஸின் நடுப்பகுதிக்குச் சொன்னது. டொரிக்கில் தடிப்பு இருப்பது ஓரத்துக்குக் கிட்ட, கீழேயோ பக்கங்களிலோ. தொடர்ந்து ஒட்சிசன் குறைந்தால் வெள்ளை விழியிலிருந்து மெல்லிய சிவப்புக் குழாய்கள் படலத்துக்குள் ஊரத் தொடங்கும். டொரிக் போடுபவரைப் பரிசோதிக்கும்போது கீழிமையை இறக்கிக் கீழ் ஓரத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

கழற்றாமல் 30 இரவு போடக்கூடிய நைட் அன்ட் டே லென்ஸ் டொரிக்கில் வராததை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்கலாம். பயோபினிட்டி டொரிக், அக்கியூவியூ ஒயாசிஸ் டொரிக் போன்றவற்றுக்கு உள்ள அனுமதி 6 இரவு வரைதான். அதுவும் உச்ச எல்லை, வைத்தியர் சொன்னால் மட்டும்.

அந்த எல்லைக்கே ஒரு வரலாறு உண்டு. 1981 இல் அமெரிக்காவில் மென்லென்ஸை 30 நாள் தொடர்ந்து போட அனுமதி கிடைத்தது. 1989 இல் வெளிவந்த ஆய்வில், பகலில் மட்டும் போட்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 4.1 பேருக்குப் படலத்தில் புண் வந்திருந்தது. இரவும் போட்டவர்களில் 20.9 பேருக்கு. அதே ஆண்டு எல்லை 7 நாளாகக் குறைக்கப்பட்டது. ஒட்சிசனை நன்றாக விடும் சிலிக்கன் ஹைட்ரோஜெல் என்ற பொருளில் செய்த லென்ஸ் வந்ததும், குறை ஒட்சிசனில்தான் இருந்தது, அது தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். 2008 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு வேறு கதை சொன்னது: பழைய மென்லென்ஸைப் பகலில் மட்டும் போட்டவர்களில் 1.9, இரவும் போட்டவர்களில் 19.5, சிலிக்கன் ஹைட்ரோஜெல்லை இரவும் போட்டவர்களில் 25.4. ஒட்சிசன் கூடியது, தொற்று குறையவில்லை. காரணம், மூடிய இமைக்குப் பின்னால் கண்ணீர் ஓடுவதில்லை. லென்ஸுக்கு அடியில் அகப்பட்டது விடியும்வரை அங்கேயே சூட்டில் கிடக்கும். சூடோமோனாஸ் என்ற பக்டீரியா அந்த இடத்தில் புண்ணாக்கினால் ஒன்றிரண்டு நாளிலேயே படலத்தைக் கரைத்துவிடக்கூடியது.

கிணற்றடியில் என்ன நடக்கிறது

தொடர்பாவனை லென்ஸை எழுதிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி: எங்கே குளிக்கிறீர்கள்? ஏழு நாள் கழற்றாமல் போடுவதென்றால் ஏழு குளிப்பும் லென்ஸோடுதான். கிணற்றடியில் தலையில் வாளியால் ஊற்றும்போதும், வவுனிக்குளத்திலோ முத்தையன்கட்டிலோ முங்கும்போதும் கண்ணை இறுக மூடினாலும் தண்ணீர் உள்ளே போகும். கிணறு, குளம், தாங்கி எல்லாவற்றின் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற ஒருகல உயிர் இருக்கக்கூடும். அது லென்ஸில் ஒட்டி, கீறல்பட்ட படலத்துக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும்; பார்வை முழுதாகத் திரும்பும் என்ற உறுதியும் இல்லை. சிறுநீரக நோய்க்குப் பயந்து பல ஊர்களில் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறார்கள். அது குடிக்க நல்லதே தவிர கிருமியற்றது அல்ல, லென்ஸைக் கழுவவும் உதவாது. கொதித்தாறிய தண்ணீரும் வீட்டில் கரைத்த உப்புத்தண்ணீரும் அதே வரிசைதான்.

குளிக்கமுன் கழற்றி, திரவத்தில் தேய்த்து, குளித்தபின் போடலாமே என்று கேட்கலாம். சரிதான். அப்படியென்றால் ஒவ்வொரு நாளும் கழற்றி மாட்டும் வேலை திரும்பி வந்துவிட்டது. வேலை மிச்சம் என்பதற்காகத்தானே கூடுதல் ஆபத்தை ஏற்றோம்? வன்னியில் தொடர்பாவனை லென்ஸின் வசதி கிணற்றடியோடு முடிந்துவிடுகிறது.

காற்றும் தூசியும் இரண்டாவது. சோளகக் காலத்தில் கிறவல் வீதியில் முகமூடாத ஹெல்மெட்டோடு ஓடினால் லென்ஸ் உலர்ந்து இறுகும், அடியில் போன தூசி படலத்தைக் கீறும். அருவி வெட்டும் சூடடிப்பும் நடக்கும் நாட்களில் பதரோ வைக்கல் தும்போ கண்ணில் பட்டால் பூஞ்சணத் தொற்று வரக்கூடும். பக்டீரியா மருந்து அதற்கு வேலை செய்யாது. அறுவடைக் களத்தில் லென்ஸே வேண்டாம், கண்ணாடி போதும்.

பிறகு எதைப் போடுவது?

பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துவது ஒருநாள் டொரிக்: காலையில் புதியதைப் போட்டு இரவில் எறிவது. பெட்டி கழுவுவதும் இல்லை, திரவப் போத்தல் வெயிலில் பழுதாவதும் இல்லை. விலைதான் இடைஞ்சல். எல்லா நாளும் போடாமல், கடமை நாளுக்கும் விசேடத்துக்கும் மட்டும் போட்டு மற்ற நாட்களில் கண்ணாடி பாவித்தால் செலவு தாங்கும். அடுத்தது மாதாந்த டொரிக், பகலில் மட்டும். வன்லென்ஸ் சிலிண்டருக்கு மிக நன்றாகப் பார்வை தரும், தொற்றும் குறைவு. ஆனால் ஒரு மணல் துகள் அடியில் போனால் வண்டியை வீதியோரம் நிறுத்தியே ஆக வேண்டும். அலுவலகத்தில் இருப்பவருக்குச் சரி, மாங்குளத்திலிருந்து உள்வீதியில் தினம் ஓடுபவருக்குச் சரிவராது. இளவயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் ஏறிக்கொண்டே போனால், கண்ணைக் கசக்கும் பழக்கமும் இருந்தால், எந்த லென்ஸுக்கும் முன், படலம் மெலிந்து கூம்புபோலப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று படலத்தை வரைபடமெடுத்துப் பார்க்க வேண்டும்.

பரணுக்கும் கடலுக்கும் எங்கள் விடை, கழுத்தில் நாடாவோடு தொங்கும் கண்ணாடி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். எழும்பியதும் இரண்டு வினாடியில் கண்ணில் இருக்கும், அதுவும் சரியான பாகையில்.

இவ்வளவுக்கும் பிறகும் சில இரவுகள் தவிர்க்க முடியாதவர்கள் முதல் இரண்டு கிழமையும் பகலில் மட்டும் போட்டுப் பழக வேண்டும். பிறகு ஓர் இரவு. மறுநாள் காலையில் லென்ஸைக் கழற்றாமலே பரிசோதனைக்குப் போக வேண்டும், பிந்திப் போனால் வீக்கம் வற்றி ஒன்றும் தெரியாது. பின்னர் ஒரு கிழமையில், ஒரு மாதத்தில், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தடிமன், காய்ச்சல், கண் சிவப்பு உள்ள நாளில் இரவில் போடக்கூடாது. எழும்பியதும் லென்ஸ் ஒட்டியிருந்தால் நகத்தால் இழுக்காமல், லென்ஸுக்குரிய ஈரச் சொட்டு விட்டு, சில நிமிடம் இமைத்து, அது அசையத் தொடங்கியபின் எடுங்கள். ஆறாம் இரவுக்குப் பிறகு ஓர் இரவு முழுதும் கண் வெறுமையாக இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏ9 நெடுகத் தூங்கி வழிவதும் தூக்கக் கணக்கில்தான் சேரும். ஒருநாள் லென்ஸ் போட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கழற்றும் லென்ஸுக்குச் சவர்க்காரத்தால் கைகழுவி, தும்பு விடாத சுத்தமான துணியால் துடைத்து, உள்ளங்கையில் திரவம் விட்டு ஒவ்வொரு பக்கமும் 10 வினாடிக்குக் குறையாமல் தேய்த்து, அலசி, புதிய திரவத்தில் குறைந்தது 6 மணி நேரம் ஊற விடுங்கள். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றுவது கூடாது. பெட்டியை மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள். போத்தலைத் திறந்த திகதியை அதன் மேலேயே எழுதி, கூரைத் தகட்டுக்குக் கீழ் வெக்கையில் வைக்காமல் நிழலில் வையுங்கள்.

கண் சிவந்து, நோவும் வெளிச்சக் கூச்சமும் பார்வை மங்கலும் வந்தால், கழற்றிய பின்னும் நோவு குறையவில்லை என்றால், அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். கிட்டிய வைத்தியசாலையில் கண் பிரிவு இல்லாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். பாமசியில் ‘கண் சிவப்புக்கு’ என்று வாங்கும் சொட்டில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் கண் வெளுக்கும், புண் உள்ளே ஆழமாகும். தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் வேண்டாம், கண்ணைப் பஞ்சு வைத்துக் கட்டவும் வேண்டாம். கழற்றிய லென்ஸையும், பெட்டியையும், பாதி முடிந்த திரவப் போத்தலையும் கழுவாமல் அப்படியே ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவற்றிலிருந்தும் மாதிரி எடுக்கலாம்.